நாலாவது பரங்கிக்காய்

கன்னியம்மாவுக்குக் கடவுள் மூக்கை மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிட்டார். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைக்குப் பின்னால் எட்டு லைன் வீடு. எட்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக் கூரை. வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் உண்டு. ஆனால் கட்டின காண்டிராக்டருக்குச் செங்கல் தீர்ந்ததோ மனசாட்சி தீர்ந்ததோ, ஆள் உயரத்தோடு நிறுத்திவிட்டான். அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் காற்று. முதல் வீட்டில் தும்மினால் எட்டாம் வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். அப்படி இருக்கும்போது பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை நம் வீட்டுக்கு வராமல் வேறே எங்கே போகும்?

எழுபத்து நாலாம் வருஷம் அது. விலைவாசி ஏறியது என்று சொன்னால் போதாது; ஏணி வைத்து ஏறியது, ஏறினதும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டது. மளிகைக்கடை சடையப்பன் விலையைச் சிலேட்டில் எழுதி வைப்பான். வரிசையின் கடைசியில் நிற்கும்போது ஒரு விலை. முன்னால் வந்து பையை நீட்டும்போது எச்சில் தொட்டு அதை அழித்துவிட்டு இன்னொன்று எழுதிக்கொண்டிருப்பான். பருப்பு நிறுக்கும்போது தராசுத் தட்டு நம் பக்கம் ஆடிவிடக் கூடாதென்று மூச்சை அடக்கிக்கொள்வான். லைனில் யாராவது கடலை எண்ணெய் வாங்கி வந்தால், சாமி ஊர்வலத்துக்கு ஒதுங்குவதுபோல மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கன்னியம்மா வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் அதே கூழ், சாயங்காலம் அந்தக் கூழின் ஞாபகம். புருஷன் மோசஸுக்கு ஆலையில் உலையடியில் வேலை. அந்தச் சூட்டில் நின்று நின்றோ என்னவோ, வேறே எதற்கும் சூடாகாத மனுஷன்.

பக்கத்து வீட்டில் செண்பகம். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண், கன்னியம்மாவைவிடப் பத்து வயசு சின்னவள். அவள் புருஷன் ஜோசப்புக்கும் அதே ஆலைதான், அதே சம்பளந்தான், அதே ரேஷன் அரிசிதான். ஆனால் அந்த வீட்டிலிருந்து சுவரைத் தாண்டி வந்த வாசனை மட்டும் வேறே. திங்கட்கிழமை கத்திரிக்காய். செவ்வாய்க்கிழமை முருங்கைக்கீரை. புதன்கிழமை கொத்தவரை வத்தல். வாசனையை வைத்தே இன்ன காய், இத்தனை பேருக்கு, உப்பு ஒரு சிட்டிகை கம்மி என்று கன்னியம்மா சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.

"மோந்துக்கினே கூழக் குடிச்சிடுமே" என்பான் மோசஸ். "தொட்டுக்க வாசன, கடிச்சிக்க மொளகா. ராஜா ஊட்டுச் சாப்பாடு."

"உனுக்கு நக்கலாக் கீது. எனுக்கு வவுறு எரியுது."

"பசியா?"

"அதுவுந்தான்."

இதில் கன்னியம்மாவுக்குத் தாங்க முடியாதது என்னவென்றால், ஆரம்பத்தில் கைகொட்டிச் சிரித்தவளே அவள்தான். லைனுக்குப் பின்பக்கம் ஆலைக் கசடு கொட்டின இடம். எருக்கஞ்செடிகூட நாலு பேரைக் கேட்டு யோசித்துத்தான் அங்கே முளைக்கும். செண்பகம் கல்யாணமாகி வந்த மறுவருஷம், கூடை கூடையாகக் கசடை வாரி அப்பால் கொட்டிவிட்டு, ஏரி வண்டலைத் தலையில் சுமந்து வந்து நிரப்பினாள். "இதுல கத்திரிக்கா வெச்சா கத்திரிக்கோல்தாண்டி காய்க்கும்" என்று கன்னியம்மா சொல்ல, லைன் மூணு நாள் சிரித்தது. கடைசியில் கத்திரிக்காயே காய்த்தது. அதுவும் ஒவ்வொன்றும் பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி. அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் ஒளிப்பதென்று கன்னியம்மாவுக்குத் தெரியவில்லை.

தின்றது போக மிச்சத்தைச் செண்பகம் வைத்துக் காப்பாற்றின விதம் இன்னும் மோசம். கூரையின் சரிவில் சாக்கு விரித்து வத்தல் காயும். வெயில் நகர நகர சாக்கும் நகரும். மோர்மிளகாய் தனியாக ஒரு முறத்தில். அடுக்குப்பானையில் சாம்பல் பிசறின பயறு, காய்ந்த வேப்பிலை போட்ட துவரை. வண்டு எட்டிப் பார்த்துவிட்டு, தப்பான விலாசத்துக்கு வந்துவிட்டோம் என்று திரும்பிப் போய்விடும். புளி விலை தவறி இறங்கின ஒரே ஒரு வாரத்தில் வாங்கி, கொட்டை நீக்கி, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்திருந்தாள். கடைக்கு அவள் போவதே உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும்தான். சடையப்பனே ஒருநாள் தெருவில் நிறுத்தி, "இன்னாம்மா செம்பகம், எம்மேல எதுனா கோவமா?" என்று கேட்டான். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் காலிப் பையோடு நின்றவள் கன்னியம்மா.

இதையெல்லாம்கூட அவள் எப்படியோ செரித்திருப்பாள். செரிக்க முடியாத ஒன்று வந்துகொண்டிருந்தது. ஆவணி மாசத்து அறுப்பின் பண்டிகை.

அன்றைக்குச் சபையார் எல்லாரும் காய், கனி, நெல், கோழி என்று கையில் முடிந்ததைக் காணிக்கையாக எடுத்து சர்ச்சுக்கு வருவார்கள். எல்லாவற்றிலும் பெரிய காணிக்கை எதுவோ, அதைச் சுமந்து வருகிறவர் முதல் ஆளாக உள்ளே நுழைவார். தானியேல் உபதேசியார் அந்தக் குடும்பத்துப் பேரை முதலில் வாசிப்பார். ஒன்பது வருஷமாக அந்த முதல் ஆள் கன்னியம்மா. வருஷா வருஷம் பொன்னேரி சந்தையில் தன் உயரத்துக்கு ஒரு வாழைத்தார் வாங்கித் தலையில் ஏற்றிக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல் மகாராணியாட்டம் நடப்பாள். வருஷத்தின் மற்ற முந்நூத்தி அறுபத்து நாலு நாளும் அவள் வாழ்ந்ததே அந்த நாற்பது அடி நடைக்காகத்தான்.

இந்த வருஷம் சந்தைக்குப் போய்த் தார் விலையைக் கேட்டுவிட்டு வந்த மோசஸ், ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு மொண்டான்.

"தாரு வாங்கலாம்மே" என்றான். "ஆனா அத்தத் தூக்கினு போறதுக்கு ஊட்டுல யாரும் உசுரோட இருக்கமாட்டோம்."

அங்கே செண்பகம் சித்திரையில் ஊன்றின பரங்கிவிதை, ஆனியில் கொடியாகிக் கூரையேறிவிட்டது. ஆலை வாசல் குழாயடியில் அஞ்சம்மாள் ஒருநாள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "இந்த வருசம் முன்னாடி போறது செம்பகந்தான். கன்னிம்மா பின்னாடி கை வீசிக்கினு வர்லாம்." அஞ்சம்மாளுக்கு ஐந்தாம் வீடு, நாக்கு மட்டும் எட்டு வீட்டுக்கும் நீளும்.

கன்னியம்மாவுக்கு அன்றைக்குக் கூழும் இறங்கவில்லை.

மறுநாள் கொல்லைப் பக்கம் துணி உலர்த்தப் போனவளின் நெற்றியில் என்னவோ 'டொக்'கென்று முட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். செண்பகத்தின் கொடி கூரை உச்சியைச் சுற்றிக்கொண்டு இவள் பக்கம் இறங்கி, இவள் இறவாணத்தில் பச்சைப் பசேலென்று ஒரு பிஞ்சை, முஷ்டி அளவில் தொங்கவிட்டிருந்தது.

கன்னியம்மா இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். பிஞ்சை நோகாமல் தூக்கி ஓட்டின்மேல் வைத்து, கீழே வைக்கோலால் கோழிக்குச் செய்வதுபோல ஒரு கூடு செய்து, மேலே நாலு பரங்கியிலையை இழுத்து மூடினாள். எங் கூரைமேல காச்சது எங்காய். நீதிபதி அவள், வக்கீல் அவள், சாட்சியும் அவள். வழக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

ஒரே ஒரு சிக்கல். காய் இவள் கூரையில், வேர் அவள் கொல்லையில்.

அந்த வருஷ வெயிலில் ஏரி கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி காய்ந்து கிடந்தது. ஆலை வாசல் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். குடங்களின் வரிசை ரயில்வே கேட்டைத் தொடும். செண்பகம் செடிக்கு ஒரு சொம்பு என்று அளந்துதான் ஊற்றுவாள். ஒரு சொம்புத் தண்ணீரில் பரங்கிக்காய் எப்போது பெருத்து, எப்போது வாழைத்தாருக்கு ஈடாவது? கன்னியம்மா கணக்குப் போட்டாள். கோழி கூவும் முன்னால் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். செண்பகம் பின்னால் இருபதாம் குடமாக நிற்கும்போது, இவள் ரெண்டு குடத்தோடு திரும்பி, ஒன்றை வீட்டில் இறக்கிவிட்டு, இன்னொன்றை யாரும் பார்க்காமல் அந்தக் கொடியின் வேரில் முழுசாகக் கவிழ்த்தாள்.

தண்ணீரோடு நின்றதா? கருவாடு கழுவின தண்ணி. அரிசி களைஞ்ச தண்ணி. லைனில் ஆடு வளர்க்கிற கங்கம்மா வீட்டுப் புழுக்கையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து பொடி பண்ணிப் போட்டாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படி ஒருத்தி பார்த்துப் பார்த்து ஊட்டினதில்லை.

பத்தாம் நாள் மோசஸ் வேலையிலிருந்து வந்து தொட்டியை எட்டிப் பார்த்தான். "இன்னாமே, நான் குளிக்கிற தண்ணி எங்க?"

விஷயத்தைச் சொன்னாள். அவன் அப்படியே குந்திவிட்டான்.

"அவமேல வவுறு எரிஞ்சி, அவ கொடிக்கே தண்ணி ஊத்திக்கினு கீறயா? லோகத்துல பொறாமப்பட்டு எதிரி ஊட்டுக்குக் கூலியில்லாம வேல செய்யிற மொத ஆளு நீதான்மே."

"கொடி அவுளுதுதான். காயி என்துயா."

"கொடிக்கு அது தெரியுமா?"

கொடிக்குத் தெரியவில்லை. ஊற்றின தண்ணீரை அது இவள் காய்க்கு மட்டும் அனுப்பாமல் எல்லாக் காய்க்கும் பங்கு வைத்தது. விடிந்தால் ஒரு முழம் வளர்ந்தது. எட்டு வீட்டுக் கூரையையும் மூடிவிட்டு ஒன்பதாவது வீடு எங்கே என்று தேடியது. பூத்த பூவுக்கு வந்த வண்டுகளின் ரீங்காரத்தில் ஆலைச் சங்கு காதில் விழாமல் ரெண்டு பேர் வேலைக்கு லேட்டாகப் போனார்கள். செண்பகத்தின் கொல்லையே குளிர்ந்துபோய்க் கத்திரியும் வெண்டையும் சேர்ந்து குதித்தன. சுவரைத் தாண்டி வாசனை முன்னைவிட ரெண்டு மடங்காக வந்தது. அத்தனையும் தன் கருவாட்டுத் தண்ணியின் வாசனை என்று தெரிந்துகொண்டே கன்னியம்மா அதை மோந்தாள்.

குழாயடியில் செண்பகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. "எங் கைராசிக்கா! எங்கம்மா அப்பவே சொல்லும், இவ கை கழுவுன தண்ணி பட்டா பட்ட மரமும் துளுக்கும்னு. உனுக்கும் நாலு வெத தரட்டா? உங் கைக்கு வருமோ வராதோ..."

கன்னியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்த கடியில் நாக்கு மூணு நாள் வீங்கிக் கிடந்தது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், செண்பகம் மண்ணெண்ணெய் வாங்கப் போன நேரம் பார்த்து, மோசஸை உரலில் ஏற்றிக் காயை அறுத்து இறக்கவைத்தாள் கன்னியம்மா. அறுபது நாள் யாரும் புரட்டாத காய். கையைச் சேர்த்துக் கட்டினாலும் விரலும் விரலும் சந்திக்கவில்லை. ரயில் எஞ்சினுக்கு ஒரு சக்கரம் குறைந்தால் இதை மாட்டிவிட்டுப் பெஜவாடா வரைக்கும் போய்வரலாம். தரையில் வைத்துப் புரட்டினபோது, இத்தனை நாள் வைக்கோலில் பதிந்திருந்த அடிப்பக்கம் மேலே வந்தது. அதில், உள்ளங்கை அகலத்துக்கு, தழும்பேறிப் புடைத்த ஒரு சிலுவை. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு; அச்சில் வார்த்தது மாதிரி.

"இன்னாமே இது, அம்மத் தழும்பா?" என்றான் மோசஸ்.

"வாய் அழுவிப்பூடும்! சிலுவயா!" கன்னியம்மா முழங்காலில் விழுந்துவிட்டாள். அடிமனசில் இத்தனை நாளாக ஒரு முள் இருந்தது, சொந்தக் காய்தானா என்று. அந்த முள் அப்படியே உதிர்ந்தது. அவள் தீர்ப்பில் ஆண்டவரே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. தானியேல் உபதேசியார் சர்ச் வாசலில் நின்று காணிக்கைகளைக் கண்ணால் அளந்தார். வெள்ளை வேட்டியில் சுற்றி, சும்மாட்டின்மேல் கன்னியம்மா வைத்திருந்ததைப் பார்த்ததும் வேறே பேச்சில்லை. "நீயே முன்னால போம்மா." பத்தாவது வருஷமும் அந்த நாற்பது அடி. கழுத்து நொறுங்குகிறது, ஆனால் திருப்பவில்லை. பின்னால் மூடின கூடையோடு செண்பகத்தின் கொலுசுச் சத்தம் வந்தது. பின்னாலிருந்து வருகிற கொலுசுச் சத்தத்தைப்போல இனிமையான சங்கீதம் உலகத்திலேயே இல்லை என்று கன்னியம்மாவுக்கு அப்போது பட்டது.

காணிக்கை மேசையில் காயை இறக்கினாள். அதோடு விட்டிருக்கலாம். விடுவாளா?

"ஐயா, ஒரு அதிசயம் பாருங்க" என்று வேட்டியை உருவிக் காயைத் திருப்பினாள்.

உபதேசியாரின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுந்தது. "ஸ்தோத்திரம்" என்றார். பின்னால் இருந்தவர்கள் போட்ட ஸ்தோத்திரத்தில் கூரையிலிருந்த புறா அத்தனையும் பறந்தன. அஞ்சம்மாள் முண்டியடித்து வந்து, வாதம் பிடித்த தன் முட்டியைக் காயில் தேய்த்துக்கொண்டு, "சுருக்குன்னு விட்டுச்சி!" என்று அறிவித்தாள். கன்னியம்மா ஓரக்கண்ணால் செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஒரு வருஷத்துக் கூழும் அந்தப் பார்வையில் பாயசமாக இறங்கியது.

செண்பகம் தன் கூடையைத் திறந்து மேசையில் வைத்தாள். மூணு பரங்கிக்காய். மூணிலும் சிலுவை.

பின் வரிசைக்காரர்கள் பெஞ்சிமேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

"உனக்கும் அதிசயமா? மூணு தடவையா?" என்றார் உபதேசியார், கீழே விழுந்த கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

"அதிசயமா? ஊக்குங்க ஐயா." செண்பகம் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைத் தூக்கிக் காட்டினாள். "எங்க ஊர்ல, பிஞ்சுலயே கோயிலுக்குன்னு நேந்துக்கினு சிலுவ கீறிடுவோம். காய் பெருக்க பெருக்க கீறலும் பெருக்கும். அப்பதான் ஊட்டுல யாரும் தெரியாம சட்டியில போடமாட்டாங்க. பயிர் வெக்கிற எல்லாருக்கும் தெரியுமே?"

பயிர் வைக்கிறவர்களுக்குத் தெரியும். ஒன்பது வருஷமும் சந்தையில் வாங்கியே தலையில் ஏற்றினவளுக்கு எப்படித் தெரியும்?

"வத்தல் காயவெக்க கூரயேறுனப்ப நாலு பிஞ்சுல கீறனேன்" என்று செண்பகம் மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணக் காணல. அணிலு தின்னுச்சின்னு இருந்தேன்."

சபை முழுக்க ஒரே தலையாகக் கன்னியம்மா பக்கம் திரும்பியது.

"அந்த அணிலு ஒம்பது வருசமா நம்ம முன்னாடிதான் நடந்துக்கினு கீது!" என்றாள் அஞ்சம்மாள். முட்டிவலி உடனே திரும்பி வந்துவிட்டது அவளுக்கு.

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பில் அறுந்துபோனது கன்னியம்மாவின் வெட்கம்தான். அறுந்த இடத்தில் ஆத்திரம் வந்து நின்றது.

"ஆமா, அவ கொடிதான்! இல்லேன்னு சொன்னேனா? தண்ணி ஊத்துனது யாரு? ரெண்டு மாசமா தெனம் ஒரு கொடம் நான் ஊத்தனேன். கருவாட்டுத் தண்ணி யாரு ஊத்தனா? கங்கம்மா ஊட்டுப் புழுக்கய யாரு பொறுக்கனா? கைராசி கைராசின்னு கொயாயடியில குதிச்சாளே, அது யாரு கை? என் கை! இந்தக் கை!"

மோசஸ் பின் பெஞ்சியிலிருந்து எழுந்தான். "உண்மதான் ஐயா. ரெண்டு மாசமா நான் ஒழுங்காக் குளிக்கல. சாட்சி வேணும்னா கிட்ட வந்து மோந்து பாருங்க."

அதற்கப்புறம் சர்ச் சர்ச்சாக இல்லை. சிரித்த சிரிப்பில் மணி தானாக ஆடி ரெண்டு தடவை அடித்ததாகச் சொல்வார்கள். சிரிக்காதவர்கள் ரெண்டே பேர். ஒருத்தி கன்னியம்மா. இன்னொருத்தி செண்பகம். அவள் முகத்தில், கன்னியம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிறம் மெல்ல மெல்ல ஏறியது. தினமும் தண்ணீர்த் தொட்டியில் குனியும்போது பார்க்கிற நிறம் அது.

"அப்ப... எங் கைராசி இல்லையா?" என்று செண்பகம் தன் கையைப் பார்த்தாள்.

யார் பேரை முதலில் வாசிப்பது என்று உபதேசியார் தலையைச் சொறிந்தார். கடைசியில், "செண்பகத்தின் கொடி, கன்னியம்மாவின் தண்ணி" என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார். செண்பகத்துக்குக் கன்னியம்மா பேர் மட்டும் காதில் விழுந்தது. கன்னியம்மாவுக்குச் செண்பகத்தின் பேர் மட்டும். ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் விட்டபோது அந்த நாலாவது காயைச் சடையப்பன் எடுத்தான். மறுநாள் கடையில் பத்தை போட்டு விற்றான். ஒவ்வொரு பத்தைக்கும் சிலேட்டை அழித்து அழித்து எழுதினான்.

திங்கட்கிழமையிலிருந்து கன்னியம்மா ரெண்டு குடத்தையும் தன் வீட்டிலேயே இறக்கினாள். மோசஸ் குளித்தான், லைன் ஜனங்களுக்கு முதலில் அவனை அடையாளம் தெரியவில்லை. ஒரே வாரத்தில் செண்பகத்தின் கொடி இலைகள் குடையை மடக்கினதுபோலத் தொங்கின. அவளும் ஒரு முழுக் குடம் ஊற்றிப் பார்த்தாள். கருவாடு வாங்கிக் கழுவி ஊற்றினாள். கொடி அசையவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் தடுப்புச் சுவருக்கு மேலே முதலில் ஒரு கிண்ணம் தெரிந்தது. பின்னால் செண்பகத்தின் தலை. ஏதோ ஒரு பலகைமேல் ஏறி நிற்கிறாள்.

"அக்கா, வத்தக்கொழம்பு. சூடாக் கீது, வாங்கிக்கோ."

கன்னியம்மா வாங்கிக்கொண்டாள்.

"அக்கா... அதுல வேற இன்னா போட்டே? கருவாட்டுத் தண்ணியில எத்தினி நாள் ஊறணும்? புழுக்கய வறுக்கணுமா? சொல்லுக்கா."

கன்னியம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். ஒன்பது வருஷத்து வாழைத்தாரையும் ஒரே சமயத்தில் தலையில் வைத்ததுபோல இருந்தது அவளுக்கு.

"கைராசிடி" என்றாள். பிறகு, கிண்ணத்தைக் கூழுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "உப்பு ஒரு சிட்டிக கம்மி."